கரண்டு அண்ணன் தெருவில் இன்னொரு ஜெனரேட்டர்

எங்கள் தெருவுக்கு இரண்டு கரண்டு. ஒன்று கரண்டு ஆபீசிலிருந்து வருவது. அதற்கு மனசு இருந்தால் வரும். இல்லாவிட்டால் காலையில் போனது சாயங்காலம்தான் எட்டிப் பார்க்கும். இன்னொன்று கரண்டு அண்ணன் கொடுப்பது. அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் தெருவில் பாதிப் பேருக்கு மறந்தே போயிருந்தது. நடுத்தெருவில் இருந்த காலி மனையில் லாரி அகலத்துக்கு ஒரு டீசல் ஜெனரேட்டரை இறக்கி, கம்பத்துக்குக் கம்பம் சொந்தக் கம்பி இழுத்து, மாத வாடகைக்கு வெளிச்சம் விற்றுக்கொண்டிருந்தார். எல்லா வீட்டுக்கும் உரிய சுவிட்சுகள் அவர் கொட்டகையில் ஒரே பலகையில் வரிசையாக இருந்தன. எந்த வீட்டில் விசிறி சுற்றலாம், எந்த வீட்டில் சுற்றக் கூடாது என்பது அந்தப் பலகைக்கு முன்னால் நிற்பவர் கையில் இருந்தது.

கெட்டவர் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. என் மாமனார் இறந்த அன்று அவராகவே வந்து வாசலில் பெரிய விளக்குப் போட்டுக் கொடுத்தார். காசு கேட்கவில்லை. ஆனால் காசு கேட்கவில்லை என்பதை அதன்பிறகு பார்க்கிற இடத்திலெல்லாம் சொன்னார்.

எங்கள் வீட்டில் அண்ணன் தம்பி இருவர், மருமகள்கள் இருவர். என் மூத்தார், அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன், ஒரு காப்பீட்டு ஆபீசில் கிளார்க். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். வீட்டில் இருக்கும் நாளைவிட ரோட்டில் இருக்கும் நாள் அதிகம். நானும், நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவி, என் ஓரகத்தியும் முன்னறையில் தையல் போட்டிருந்தோம். ஆஸ்பத்திரிக்கு வெள்ளைக் கோட்டுத் தைப்பதுதான் எங்கள் வேலை. அக்கா அளந்து வெட்டுவாள், நான் தைத்துக் காஜா எடுத்துப் பட்டன் வைப்பேன். கடைசியாக இஸ்திரி போடுவது மறுபடியும் அக்கா. அந்த வேலையை என்னை நம்பி விடமாட்டாள். அவளுடைய வாய்க்குத் தெருவே பயப்படும், நான் உட்பட.

வெள்ளைத் துணியை வெட்டுவதற்கு முன்னால் தண்ணீரில் ஊறவைத்து உலர்த்திவிட வேண்டும். இல்லாவிட்டால் தைத்த பிறகு சுருங்கி, டாக்டர் கையைத் தூக்கினால் கோட்டு முழங்கைக்கு ஏறிவிடும். மொட்டைமாடியில் கொடி கட்டித் துணியை உலரப் போடுவோம். கரண்டு அண்ணனுடைய ஜெனரேட்டரின் புகைக்குழாய் சரியாக எங்கள் மொட்டைமாடி உயரத்துக்கு வந்து, எங்கள் பக்கமாகத் தலையைத் திருப்பிக்கொண்டு நின்றது.

முதலில் ஒன்றிரண்டு கரும்புள்ளி தெரிந்தது. சோப்புப் போட்டுத் தேய்த்தோம். பிறகு மிளகைத் தூவியது போல வர ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கட்டுக் கோட்டு திரும்பி வந்தது. தலைமை நர்ஸ் போனில் கேட்ட கேள்வியை அக்கா எனக்கு அப்படியே சொன்னாள். "ஏம்மா, கோட்டு தைச்சு அனுப்பினீங்களா, இல்ல அடுப்பு துடைச்சு அனுப்பினீங்களா?"

அக்கா முடியை அள்ளி முடிந்துகொண்டு நேராகக் கொட்டகைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். கரண்டு அண்ணன் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, புகைக்குழாயை இன்னும் ஒரு ஆள் உயரம் தூக்குங்க. இல்ல, வாயை அந்தப் பக்கமாவது திருப்புங்க. எங்க துணியெல்லாம் பாழாகுது."

"அந்தப் பக்கம் திருப்பினா அந்தப் பக்கத்து வீட்டுக்காரன் வருவானேம்மா."

"அப்ப மேல தூக்குங்க."

"தூக்கலாம். பார்க்கலாம். நேரம் வரட்டும்."

"நேரம் எப்ப வரும்? போன மாசமும் இதைத்தான் சொன்னீங்க. அதுக்கு முந்தியும் இதைத்தான் சொன்னீங்க."

கொட்டகை வாசலில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் காதில் விழும்படி ஒருத்தி தன்னைக் கேள்வி கேட்டது அவருக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். காலைக் கீழே இறக்கினார்.

"இந்தத் தெருவுக்கு வெளிச்சம் குடுத்தவன் நான். வெளிச்சம் வேணும், புகை வேணாம்னா எப்படி? புகை பிடிக்கலைன்னா கரண்டும் எடுக்காதே."

"சரி, எடுக்கலை" என்றாள் அக்கா.

வீட்டுக்குத் திரும்பி வருவதற்குள் எங்கள் விசிறி நின்றிருந்தது. தெருவில் மற்ற எல்லா வீட்டிலும் சுற்றிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் மூத்தார் ஆபீசிலிருந்து வந்து, சட்டையைக் கழற்றி, விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, அண்ணாந்து பார்த்து விஷயத்தைத் தெரிந்துகொண்டார். நடந்ததைச் சொன்னோம்.

"ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுட்டா முடிஞ்சது" என்றார்.

"யாரு?"

"நீதான். நான் கேட்டாலும் சரிதான். நான் வேணா போயிட்டு வரேன்."

"நீங்க அந்த வாசப்படியை மிதிச்சீங்கன்னா இந்த வாசப்படியை மிதிக்க வேணாம்."

மூத்தார் செய்தித்தாளை எடுத்து முகத்துக்கு நேராக விரித்துக்கொண்டார். அதற்குப் பின்னாலிருந்து, "ஆஸ்பத்திரி ஆர்டர் இருக்கே. கைமெஷினை வெச்சுக்கிட்டு முடிப்பீங்களா?" என்று மட்டும் கேட்டார். கேள்வி நியாயமானது. புதிதாகச் சேர்ந்த நர்சுகளுக்கு ஒரு பெரிய ஆர்டர் வந்திருந்தது. கரண்டு ஆபீஸ் கரண்டை நம்பி உட்கார்ந்தால் அந்த நர்சுகள் எல்லாம் ஓய்வு பெற்றுவிடுவார்கள்.

"சொந்தமா ஒரு ஜெனரேட்டர் வாங்கப்போறேன்" என்றாள் அக்கா.

செய்தித்தாள் கீழே இறங்கியது.

"நீங்களும் புகை விடத்தானே போறீங்க" என்று அடுத்த வீட்டு டீச்சர் மறுநாள் காம்பவுண்டுச் சுவருக்கு மேலாகக் கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை, யோசித்துத்தான் கேட்டார். அக்கா அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டு துணி வெட்டினாள். மத்தியானம் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "அந்தம்மா கேட்டது சரிதான்டி. நாம வாங்கறது அவன்து மாதிரி இருக்கக் கூடாது. இருந்தா அவனைக் கேள்வி கேட்க எனக்கு வாய் இருக்காது" என்றாள்.

கடைவீதியில் ஜெனரேட்டர் விற்கும் கடை பெரியது. உள்ளே சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக மெஷின்கள் வரிசைகட்டி நின்றன. ஒரு மூலையில் கடைக்காரரின் குளிர்பானப் பெட்டி. அக்கா வீட்டு இஸ்திரிப் பெட்டியைப் பையில் போட்டுக் கையோடு கொண்டுவந்திருந்தாள். இன்னொரு பையில் பழைய கோட்டுத் துணியின் வெள்ளைத் துண்டுகள். கூட மூத்தாரும் வந்தார். லீவு போட்டுவிட்டு வந்ததற்கு அவர் சொன்ன காரணம், "கடையில ஆம்பளை யாராவது இருந்தா நல்லது."

அவர் சொன்னது பலித்தது. கடைக்காரர் எங்கள் இரண்டு பேரையும் தாண்டி அவரிடம் போய், "சொல்லுங்க சார், எத்தனை ரூம் வீடு?" என்றார்.

"என்கிட்ட கேட்காதீங்க" என்று மூத்தார் ஒரு அடி பின்வாங்கினார். "அவங்ககிட்ட கேளுங்க."

கடைக்காரர் கொஞ்சம் தயங்கி, பிறகு அக்காவின் பக்கம் திரும்பி, ஒரு பெரிய டீசல் மெஷினைத் தட்டிக்காட்டினார். "இதை எடுத்துக்குங்கம்மா. வீடு முழுக்க ஓடும். ஏசி போட்டாலும் தாங்கும்."

"எங்க வீட்ல ஏசி இல்ல."

"நாளைக்கு வாங்குவீங்களே."

"நாளைக்கு வாங்கினா நாளைக்கு வரேன். இன்னைக்கு எனக்கு ரெண்டு தையல் மெஷின், ஒரு இஸ்திரிப் பெட்டி, ஒரு விசிறி, ரெண்டு லைட்டு, ஒரு ஃபிரிட்ஜ். இதுக்கு மேல ஒரு பல்பு எரிய வேணாம்."

கடைக்காரர் உடனே அந்தக் கோடிக்குப் போய், கைப்பிடி வைத்த ஒரு சின்ன மெஷினைத் தூக்கிக் காட்டினார். விலையும் கைக்கு அடக்கமாக இருந்தது, எடையும் அப்படியே. எனக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. மஞ்சள் நிறம். மார்க்கெட்டுக்குக் கூடை எடுத்துப் போவது போல எடுத்துப் போகலாம். "அக்கா, இதுவே போதும்போல இருக்கே" என்றேன்.

அக்கா குனிந்து அதன் வயிற்றில் ஒட்டியிருந்த தகட்டைப் படித்தாள். "இது எவ்வளவு கரண்டு குடுக்கும்னு ரெண்டு கணக்கு போட்டிருக்கே. பெருசா ஒண்ணு, கீழ சின்னதா ஒண்ணு. நீங்க எதை வெச்சு இதைக் காட்டினீங்க?"

"பெருசுதாம்மா."

"அது என்ன?"

"அது... ஒரு வேகத்துல அது அவ்வளவு குடுக்கும்."

"எவ்வளவு நேரத்துக்கு?"

கடைக்காரர் மூத்தாரைப் பார்த்தார். மூத்தார் மேலே விசிறியைப் பார்த்தார்.

"ஓட்டிக் காட்டுங்க" என்றாள் அக்கா.

மெஷினைக் கடைக்குப் பின்னால் திறந்தவெளியில் கொண்டுபோய் வைத்து ஓட்டினார்கள். அக்கா பையிலிருந்து இஸ்திரிப் பெட்டியை எடுத்துச் சொருகினாள். மெஷின் ஒரு முக்கு முக்கிவிட்டுச் சமாளித்துக்கொண்டது. கடைக்காரர் முகத்தில் சிரிப்பு வந்தது. "இப்ப உங்க குளிர்பானப் பெட்டியையும் சேர்த்துச் சொருகுங்க" என்றாள். கடை வேலையாள் நீள வயரை இழுத்து வந்து சொருகினார். பெட்டியின் மோட்டார் எழும்பப் பார்த்ததும் மஞ்சள் மெஷின் இரண்டு தடவை இருமி, நின்றேவிட்டது.

"புதுசுதானேம்மா, பழகினா சரியாயிடும்" என்றார் கடைக்காரர்.

"இவரும் அப்படித்தான் சொன்னார், கல்யாணத்தப்ப" என்று மூத்தாரைக் காட்டினாள் அக்கா. கடை வேலையாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். மூத்தாரும் சிரித்துவிட்டார்.

ஃபிரிட்ஜ் மாதிரி மோட்டார் உள்ளது எதுவும் ஓடும்போது கொஞ்சம்தான் குடிக்குமாம், ஆனால் எழும்பும்போது மட்டும் மூன்று பங்கு கேட்குமாம். இதைக் கடைக்காரர் அப்போதுதான் ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்ட பிறகு மனுஷன் நேராகவே பேசினார். எது வேகமாகத் தேயும், எதற்கு உதிரிப் பாகம் கிடைக்கும், எதை அவரே தன் வீட்டுக்கு வாங்கமாட்டார் என்றெல்லாம் சொன்னார். கடைசியில் தாங்கக்கூடிய மூன்று மெஷின் மிஞ்சியது. ஒன்று டீசல், இரண்டு பெட்ரோல்.

அப்போதுதான் அக்கா அடுத்த பையைத் திறந்தாள். ஒவ்வொரு மெஷினையும் ஓடவிட்டு, இஸ்திரிப் பெட்டியைச் சொருகி, அது முழுச் சுமையில் இழுக்கும்போது, புகை வரும் வாய்க்குக் கையெட்டும் தூரத்தில் ஒரு குச்சியில் கட்டிய வெள்ளைத் துணியை நீட்டிப் பிடித்தாள். டீசல் துணியில் கரி படிந்தது. எங்கள் மொட்டைமாடியில் விழும் அதே கரி. முதல் பெட்ரோல் மெஷின் பெட்ரோலோடு எண்ணெயையும் கலந்து குடிக்கிற ஜாதி. துணியில் எண்ணெய் பொட்டுப் பொட்டாகத் தெறித்திருந்தது. மூன்றாவது துணி லேசாகப் பழுப்பேறியிருந்ததே தவிர, கரியும் இல்லை, எண்ணெயும் இல்லை. அக்கா அதை வெயிலில் உயர்த்திப் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"இது" என்றாள்.

"இத்தனை வருஷமா விக்கறேன், துணியை நீட்டி வாங்கினவங்களை இப்பதாம்மா பார்க்கறேன்" என்றார் கடைக்காரர். பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "ஒண்ணு மட்டும் சொல்றேன். துணியில கறை இல்லைன்னு வீட்டுக்குள்ள வெச்சு ஓட்டிடாதீங்க. ஜன்னல் பக்கத்துலயும் வேணாம். இதோட புகையில வாசனைகூட தெரியாம ஆளைக் கொல்றது ஒண்ணு இருக்கு. வெட்டவெளியில, வீட்டுக்கு முதுகைக் காட்டி வைங்க. மழை மேல படக் கூடாது" என்றார். எங்கள் கொல்லைக்குப் பின்னால் வெறும் பொட்டல்தான், ஒரு வீடு கிடையாது. கொல்லைக் கோடியில் நாலு கம்பி நட்டு மேலே ஒரு தகரம் போட்டால் போதும்.

சாயங்காலத்துக்குள் வேனில் அனுப்பிவைப்பதாகச் சொன்னார். மூத்தார் அங்கிருந்தே ஆபீசுக்குக் கிளம்பினார். பாதி நாளாவது கணக்கில் வரட்டும் என்பது அவர் எண்ணம்.

வேன் வந்தது. ஆனால் தெருமுனையோடு நின்றுவிட்டது. டிரைவர் போன் செய்து, "கொஞ்சம் வரீங்களாம்மா, இங்க ஒருத்தர் உள்ள விடமாட்டேங்கறார்" என்றார்.

போய்ப் பார்த்தால் கரண்டு அண்ணன் தெருமுனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கொட்டகையிலிருந்து அந்த நாற்காலி வெளியே வந்து நான் பார்த்ததில்லை. அவருடைய ஆட்கள் இருவர் பக்கத்தில் நின்றார்கள்.

"என் தெருவுக்குள்ள இன்னொரு ஜெனரேட்டர் வராது" என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னார்.

"உங்க தெருவா?" என்றாள் அக்கா. "பத்திரம் எங்க இருக்கு, கொண்டாங்க பார்ப்போம்."

"கம்பி என்னுது. கம்பம் நட்டது நான்."

"உங்க கம்பியை நாங்க தொடலை. தரையில கொண்டு போறோம்."

வேன் டிரைவருக்கு இந்த வம்பெல்லாம் தேவையில்லை. அவரும் வேலையாளுமாகச் சேர்ந்து மெஷினை இறக்கித் தெருமுனையில் வைத்துவிட்டு, "மன்னிச்சுக்குங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். மெஷினுக்கு ஒரு பக்கம் இரண்டு சின்னச் சக்கரம், மறுபக்கம் பிடித்துத் தூக்க இரண்டு கைப்பிடி. எங்கள் வீடு தெருவின் மறுகோடியில்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆளுக்கு ஒரு கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினோம். அடேயப்பா, என்ன கனம்! உள்ளே இரும்பைக் காய்ச்சி ஊற்றியது போல இருந்தது.

சக்கரம் உருண்டு நாற்காலி வரைக்கும் வந்தது. அக்காவுக்கு மூச்சு வாங்கியது, வாயைத் திறக்க முடியவில்லை. கரண்டு அண்ணன் இதற்குத்தான் காத்திருந்தது போல என் பக்கம் திரும்பினார்.

"சின்னவளே, உனக்குத்தான் கொஞ்சம் புத்தி இருக்கு. உன் அக்காவுக்கு நீயாவது எடுத்துச் சொல்லும்மா. வீட்ல ஆம்பளை இல்லாத நேரத்துல எதுக்கு இந்த வீறாப்பு?"

கல்யாணம் ஆகி வந்ததிலிருந்து அவருக்கு நான் பதில் பேசியதில்லை. அவருக்கு என்ன, தெருவில் யாருக்குமே பேசியதில்லை. அந்த நேரம் என் கை வலித்தது, தோள் வலித்தது, முகமெல்லாம் வியர்வை. அவருடைய கால் சரியாகச் சக்கரத்தின் வழியில் நீட்டிக்கொண்டிருந்தது. அதைத் தவிர வேறெதுவும் என் கண்ணில் படவில்லை.

"அண்ணே, காலை எடுங்க. சக்கரம் ஏறிடும்" என்றேன்.

அவர் சிரித்தார். நான் தள்ளினேன். சிரிப்பு பாதியில் நின்றது. காலை இழுத்துக்கொண்டார்.

அதன்பிறகு தெரு முழுக்க எங்களைத்தான் பார்த்தது. ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. வாசலில் நின்றவர்கள் நின்றபடி இருந்தார்கள். யாரும் கை கொடுக்க வரவில்லை, வரமுடியாது என்பது எங்களுக்கும் தெரியும். எல்லார் வீட்டுச் சுவிட்சும் அந்தப் பலகையில்தானே இருக்கிறது. கொஞ்ச தூரம் தள்ளுவோம், இறக்கி வைப்போம், கையை உதறிக்கொள்வோம், மறுபடி தூக்குவோம். கொட்டகைக்கு எதிரில் வந்தபோது அக்கா வேண்டுமென்றே இறக்கி வைத்து, அதன்மேல் உட்கார்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "என்னடி, அழகான இடம் இல்ல? கொஞ்சம் காத்து வாங்கிட்டுப் போகலாம்" என்றாள்.

சைக்கிள் ரிப்பேர் கடைக்கு முன்னால் சாக்கடையைக் கடக்க வேண்டும். மூடுகல் உடைந்து கிடந்தது. ஒரு சக்கரம் உள்ளே இறங்கி மாட்டிக்கொண்டது. எவ்வளவு இழுத்தும் வரவில்லை. அக்கா சாக்கடையை, அதைத் தோண்டியவனை, அவன் குடும்பத்தை எல்லாம் வரிசையாகத் திட்டினாள். சைக்கிள் கடைக்காரர் எங்களைப் பார்க்காதது போல எழுந்து உள்ளே போனார். ஒரு நீளப் பலகையைக் கொண்டுவந்து சாக்கடை மேல் போட்டார். போட்டுவிட்டு, எங்களிடம் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போய் ஒரு டியூபைத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பலகை இருந்தும் சக்கரத்தைத் தூக்க ஆள் போதவில்லை. அப்போது பின்னாலிருந்து ஒரு கை வந்து அடியில் பிடித்துத் தூக்கியது. மூத்தார். ஆபீஸ் சட்டை, தோளில் பை. தெருமுனையில் நாற்காலியைத் தாண்டித்தான் வந்திருக்க வேண்டும். பையைக் கழற்றி மெஷின் மேல் வைத்தார்.

"சட்டை பாழாகுதுங்க" என்றாள் அக்கா.

"தைக்கறவங்க ரெண்டு பேர் இருக்கீங்களே, புதுசா ஒண்ணு தைச்சுக் குடுங்க. தூக்கு."

மூன்று பேருமாக வீட்டு வாசல் வரைக்கும் ஒரே மூச்சில் கொண்டுபோனோம். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அக்கா கையால் அவர் தட்டில் எல்லாமே இரண்டு பங்கு விழுந்தது.

மறுநாள் காலை கொல்லைக் கோடியில் தகரத்துக்குக் கீழே மெஷினை நிறுத்தினோம். புகை வாய் பொட்டலைப் பார்த்திருந்தது. வீட்டு வயரிங்கோடு சேர்க்க ஒரு எலக்ட்ரீஷியன் வேண்டும். தெருவில் இருந்தவர் கரண்டு அண்ணனிடம் வேலை பார்க்கிறவர், வரமாட்டார். "சேர்க்கவே வேணாம்" என்றாள் அக்கா. தடித்த வயர் ஒன்றைக் கொல்லையிலிருந்து நேராக முன்னறைக்கு இழுத்தோம். தையல் மெஷின், இஸ்திரி, விசிறி, லைட்டு எல்லாம் அதிலேயே. ஃபிரிட்ஜையும் முன்னறைக்கே தள்ளி வந்துவிட்டோம். யார் கம்பியோடும் ஒட்டு உறவு கிடையாது.

முதல் தடவை கயிற்றை அக்கா இழுத்தாள். வரவில்லை. மூத்தார் இழுத்தார். வரவில்லை. நான் காலைத் தரையில் ஊன்றி, அந்த நாற்காலியை மனசில் வைத்துக்கொண்டு ஒரு இழுப்பு இழுத்தேன். உறுமிக்கொண்டு எழுந்தது.

ஆர்டரைச் சொன்ன தேதிக்கு முடித்தோம். தலைமை நர்ஸ் ஒரு கோட்டைப் பிரித்து ஜன்னலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மடித்து வைத்தாராம். அவரிடம் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. துணியைக் கொல்லையில் உலர்த்தினோம். எங்கள் புகையைக் காற்று பொட்டலுக்குக் கொண்டுபோனது. டீச்சரிடம் அக்காவே போய், அவர் வீட்டுக் கொடியில் ஒரு வெள்ளைத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டு, "ஒரு வாரம் இருக்கட்டும். ஒரு புள்ளி விழுந்தாலும் சொல்லுங்க, மெஷினை நிறுத்திடறேன்" என்றாள். விழவில்லை.

அப்புறம்தான் பெரிய சோதனை வந்தது. முதலில் டீச்சர் கேட்டார். பிறகு சைக்கிள் கடைக்காரர், அதற்கப்புறம் எதிர்வீட்டுத் தையல்நூல் வியாபாரி. எல்லாரும் ஒரே கேள்வி. "எங்களுக்கும் ஒரு லைன் குடுங்களேன். அவருக்குக் குடுக்கற வாடகையை உங்களுக்குக் குடுத்துடறோம்."

எனக்கு ஆசையாக இருந்தது. அதை மறைக்க முடியாது. பெரிய மெஷினாக மாற்றிவிட்டால் தையலைவிட இதில் வருமானம் நன்றாக வரும். வீட்டுக்காரரிடம் போனில் சொன்னபோது அவரும் எங்கேயோ ஒரு ரோட்டோரத்தில் இருந்துகொண்டு, "நல்ல யோசனைதான், செய்யலாமே" என்றார். அக்காவிடம் சொன்னேன். அவள் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பலகை எங்க வெப்பே?" என்றாள்.

"எந்தப் பலகை?"

"சுவிட்சுப் பலகை. முன்னறையிலயா, சமையக்கட்டுலயா? டீச்சரம்மா என்னைக்காவது உன்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லுவாங்க. உனக்குக் கோபம் வரும். பலகை கையெட்டற தூரத்துல இருந்தா கை அதுவாப் போகும்டி. எனக்கு உன்னைவிட வேகமாப் போகும். என்னை எனக்குத் தெரியாதா?"

நான் போய் விட்ட இடத்திலிருந்து காஜா எடுக்க உட்கார்ந்தேன்.

கேட்டவர்களையெல்லாம் அன்று சாயங்காலம் முன்னறைக்கு வரச்சொன்னாள். "லைன் தரமாட்டேன். ஆனா நீங்க மூணு நாலு வீடா சேர்ந்து ஒண்ணு வாங்குங்க. எதை வாங்கறது, எதை வாங்கக் கூடாதுன்னு நான் கூட வந்து சொல்றேன். கடைக்காரரோட சண்டையும் நானே போடறேன். ஆனா ஒண்ணு. சுவிட்சு அவங்கவங்க வீட்டுக்குள்ள இருக்கணும்."

"கரண்டு அண்ணன் சும்மா விடுவாரா?" என்றார் நூல் வியாபாரி.

"எத்தனை வீட்டை அணைப்பார்? எல்லாத்தையும் அணைச்சிட்டா அவரோட மெஷின் யாருக்கு ஓடும்?"

கேட்டுவிட்டு எல்லாரும் சத்தமில்லாமல் கலைந்து போனார்கள். பயம்தான். ஆனால் மறுவாரம் நாலு வீடு சேர்ந்து கடைவீதிக்குக் கிளம்பியது. இந்தத் தடவை வேன் தெருமுனையில் நிற்கவில்லை. நாற்காலியும் அங்கே இல்லை.

கரண்டு அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தது அதற்குச் சில நாள் கழித்து. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வந்து உட்காராமல் நின்றார். "புகைக்குழாயைத் தூக்கிட்டேன்" என்றார். பார்த்தோம், தூக்கியிருந்தார், இரண்டு ஆள் உயரத்துக்கு. "உங்க லைனையும் போட்டுவிட்டிருக்கேன். வாடகை வேணாம்."

"உட்காருங்க அண்ணே" என்றாள் அக்கா. உண்மையான மரியாதையோடுதான் சொன்னாள். "குழாயைத் தூக்கினதுக்கு நன்றி. லைன் வேணாம்."

"ஒரு பேச்சுக்கு இவ்வளவு பிடிவாதமா?"

"பேச்சுன்னா பேசித் தீர்த்திருக்கலாம். நீங்க பேசலையே. சுவிட்சைத்தான் அணைச்சீங்க."

அவர் ஓடிக்கொண்டிருந்த என் தையல் மெஷினை ஒரு பார்வை பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போனார். அவரிடம் இன்னும் தெருவில் பாதி வீடு இருக்கிறது. முன்போல அதட்டுவதில்லை என்று சொல்கிறார்கள். எதற்கும் இன்னும் கொஞ்ச நாள் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

நாலு வீட்டு ஜெனரேட்டர் டீச்சர் வீட்டுக் கொல்லையில் இருக்கிறது. தினமும் சண்டை. பெட்ரோல் ஊற்றுவது யார் முறை, நூல் வியாபாரி வீட்டில் எதற்கு இரண்டு ஃபிரிட்ஜ், சைக்கிள் கடைக்காரர் காற்றடிக்கும் மெஷினைச் சொல்லாமல் கொள்ளாமல் ஏன் போட்டார் என்று சுவருக்குச் சுவர் கத்திக்கொள்கிறார்கள். நேற்றுக்கூட டீச்சர் மூச்சிரைக்க வந்து, "நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்களேன், உங்க பேச்சுக்கு அடங்குவாங்க" என்று அக்காவைக் கூப்பிட்டார்.

அக்கா வெட்டிக்கொண்டிருந்த துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நான் வரமாட்டேன் டீச்சர். நீங்களே போய் இன்னும் கொஞ்சம் சத்தமாப் பேசுங்க."